ஷாங்காயில் அறை தேடும் முன் ரயில் நிலையத்தைத் தேடுங்கள்

ஷாங்காய்க்கு முதல்முறை போகிறவர்கள் ஓட்டலை விலை, படம், நட்சத்திரம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். போய் இறங்கிய பிறகுதான், பார்க்க வந்த இடத்துக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பயணம் இருப்பது தெரியவரும். அந்த மாநகரின் பரப்பு சுமார் 6,340 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை ஏறத்தாழ 2.5 கோடி. இவ்வளவு பெரிய ஊரில் தேடும் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் எந்த மெட்ரோ நிலையம், அடுத்து அந்த நிலையத்தின் எந்த வாசல், அதன் பிறகு எந்த ஓட்டல், கடைசியில் எந்த அறை.

ஹுவாங்பு ஆறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குக் கரை புஷி, கிழக்குக் கரை புதோங். பழைய நகரம், பண்ட் எனப்படும் ஆற்றங்கரை, பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதி, கோயில்கள், அருங்காட்சியகங்கள் எல்லாம் பெரும்பாலும் புஷியில் இருக்கின்றன. வானளாவிய கோபுரங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், புதோங்கின் லுஜியாசுய் முனையில் நிற்கின்றன. மெட்ரோ வரைபடத்தை எடுத்தால் 4ஆம் தடம் ஒரு வட்டமாகச் சுற்றி வருவதைக் காணலாம். ஊர் பார்க்க வருகிறவர் அந்த வட்டத்துக்குள் தங்கினால் போதும் என்பது நல்ல முதல் வடிகட்டி. விதிவிலக்குகள் உண்டு, பின்னால் வரும்.

வட்டத்துக்குள் இரண்டு தடங்கள்தான் பயணிக்கு முதுகெலும்பு. 2ஆம் தடம் கிழக்கே புதோங் விமான நிலையத்தில் தொடங்கி லுஜியாசுய், நான்ஜிங் கிழக்குச் சாலை, மக்கள் சதுக்கம், ஜிங்ஆன் கோயில், ஜோங்ஷான் பூங்கா வழியாக மேற்கே ஹோங்சியாவ் விமான நிலையம், அதிவேக ரயில் நிலையம் ஆகியவற்றையும் தாண்டிப் போகிறது. 10ஆம் தடம் அதே ஹோங்சியாவில் கிளம்பி, ஷாங்காய் நூலகம், ஷான்ஷி தெற்குச் சாலை, ஷின்தியாந்தி, லாவ்ஷிமென், யூயுவான் தோட்டம், நான்ஜிங் கிழக்குச் சாலை என்று சுற்றுலா இடங்களை வரிசையாகத் தொட்டுச் செல்கிறது. இந்த இரண்டில் ஒன்று ஓடும் நிலையத்திலிருந்து 500 மீட்டருக்குள் அறை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. 2021 இறுதியில் திறந்த 14ஆம் தடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜிங்ஆன் கோயிலிலிருந்து யூயுவான் தோட்டம் வழியாக லுஜியாசுய்க்கு அது நேராகப் போகிறது. யூயுவானில் ஏறினால் அடுத்த நிறுத்தமே லுஜியாசுய்.

பெயரை நம்பி ஏமாறும் இடங்கள்

முன்பதிவுத் தளங்களில் மாவட்டப் பெயரைச் சொடுக்கித் தேடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். ஜிங்ஆன் என்றதும் எல்லோரும் நினைப்பது ஜிங்ஆன் கோயிலைச் சுற்றிய பளபளப்பான பகுதியை. ஆனால் 2015இல் வடக்கே இருந்த ஜாபெய் மாவட்டம் ஜிங்ஆனோடு இணைக்கப்பட்டது. ஆகவே சுஜோவ் ஓடையைத் தாண்டி, ஷாங்காய் ரயில் நிலையத்தையும் தாண்டி, வடக்கே வெகுதூரம் உள்ள ஓட்டலும் ஜிங்ஆன் மாவட்டம்தான். படத்தில் அழகாகவும் விலையில் பாதியாகவும் தெரியும் ஜிங்ஆன் ஓட்டல்கள் பலவும் இந்த வடபகுதியைச் சேர்ந்தவை.

புதோங்கில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. 2009இல் நான்ஹுய் மாவட்டமும் அதில் சேர்ந்ததால், புதோங் என்ற ஒரே பெயருக்குள் லுஜியாசுய் கோபுரங்கள், விமான நிலையம், டிஸ்னி பூங்கா, கடலோர லின்காங் வரை அடங்கும். புதோங் ஓட்டல் என்று மலிவாக எடுத்தால், ஆற்றங்கரைக்குப் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும் இடத்தில் போய் விழலாம்.

ஹோங்சியாவ் என்ற பெயர் மூன்று வெவ்வேறு இடங்களைக் குறிக்கிறது. விமான நிலையமும் அதிவேக ரயில் நிலையமும் ஒட்டியிருக்கும் ஹோங்சியாவ் முனையம் ஒன்று. லோவ்ஷான்குவான் சாலையைச் சுற்றிய, அலுவலகங்களும் துணைத் தூதரகங்களும் உள்ள ஹோங்சியாவ் வளர்ச்சிப் பகுதி இன்னொன்று. 3, 4, 10ஆம் தடங்கள் சந்திக்கும் ஹோங்சியாவ் சாலை நிலையம் மூன்றாவது. அதிகாலை ரயிலுக்காக ஹோங்சியாவில் அறை எடுக்கிறவர்கள் இரண்டாவது இடத்தில் எடுத்துவிட்டு, விடியற்காலையில் பல கிலோமீட்டர் டாக்ஸியில் ஓடுவது அடிக்கடி நடக்கிறது. ரயிலுக்காக என்றால் ஓட்டல் விவரத்தில் ஹோங்சியாவ் ரயில் நிலையம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். ஊர்ப்பெயர் போதாது.

பண்ட் என்ற சொல்லை ஓட்டல்கள் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. உண்மையான பண்ட், ஜோங்ஷான் கிழக்கு 1ஆம் சாலையை ஒட்டிய சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆற்றங்கரை. பெயரில் பண்ட் இருந்தும் ஆற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஓட்டல்கள் நிறைய. சங்கிலி ஓட்டல்களில் ஒவ்வொரு கிளைக்கும் அடைப்புக்குறிக்குள் அருகிலுள்ள புகழ்பெற்ற இடத்தின் பெயரைச் சேர்ப்பது வழக்கம். ஒரே பெயரில் பல கிளைகள் இருப்பதால், டாக்ஸி ஓட்டுநரிடம் சங்கிலியின் பெயரை மட்டும் சொன்னால் வேறு கிளைக்குப் போய்ச் சேருவீர்கள்.

தெருப் பெயரிலும் கவனம் வேண்டும். ஜோங்ஷான் சாலை கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று ஊரையே சுற்றி வருகிறது. நான்ஜிங் சாலைக்குக் கிழக்கும் மேற்கும் உண்டு. திசைச் சொல்லை விட்டுவிட்டால் முகவரியே தவறு. முகவரியைச் சீன எழுத்தில், தொலைபேசி எண்ணோடு, திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலிலிருந்து அளக்கும் முறை

சீனாவில் வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற தனி ஆயத்தொலை முறையைப் பின்பற்றுகின்றன. அதனால் கூகுள் வரைபடத்தில் ஓட்டல் குறி சில நூறு மீட்டர் தள்ளி விழக்கூடும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பது தண்ணீருக்குள் இருப்பதுபோலக்கூடத் தெரியும். கூகுளே அங்கே தடுக்கப்பட்டிருப்பதால் புதிய நிலையங்களும் கடைகளும் அதில் சரியாகப் பதிவாவதில்லை. அலிபாபா குழுமத்தின் ஆமேப் செயலி ஆங்கிலத்திலும் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் வரைபடமும் சீனாவுக்குள் அதே நிறுவனத்தின் தரவில் இயங்குவதால் நன்றாகவே வேலை செய்யும்.

செய்ய வேண்டியது எளிது. ஆமேப்பில் ஓட்டலைத் தேடுங்கள். அருகிலுள்ள மெட்ரோ வாசலின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். அந்த வாசலிலிருந்து ஓட்டலுக்கு நடைவழி போடச் சொல்லுங்கள். முன்பதிவுத் தளங்கள் காட்டும் தூரம் பெரும்பாலும் நேர்க்கோடு. மேம்பாலச் சாலைகளும் சுஜோவ் ஓடையும் குறுக்கே இருந்தால், நேர்க்கோட்டில் 400 மீட்டர் நடையில் 900 ஆகிவிடும். மக்கள் சதுக்கம், ஷூஜியாஹுய் போன்ற பெரிய சந்திப்புகளில் பதினைந்துக்கும் மேற்பட்ட வாசல்கள் உண்டு. தவறான வாசலில் ஏறினால் பெட்டியை இழுத்துக்கொண்டு பெரிய சாலையைக் கடக்க வேண்டிவரும். எல்லா வாசலிலும் நகரும் படிக்கட்டு இல்லை, லிஃப்ட் சில வாசல்களில் மட்டுமே இருக்கும். முதியவரோ குழந்தை வண்டியோ உடன் வந்தால், லிஃப்ட் உள்ள வாசலின் எண்ணை முன்பே பார்த்து, அங்கிருந்து தூரத்தை அளப்பதுதான் சரியான கணக்கு. நிலையத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் பைகளை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்க வேண்டும் என்பதையும் நேரக் கணக்கில் சேருங்கள்.

கட்டணம் மிகக் குறைவு. 6 கிலோமீட்டர் வரை 3 யுவான், அதற்கு மேல் ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் 1 யுவான் கூடும். எனவே தூரத்தில் தங்குவதால் பணம் பெரிதாகப் போகாது. நேரமும், இரவில் கடைசி வண்டியும்தான் பிரச்சினை. நகருக்குள் பெரும்பாலான தடங்களில் கடைசி வண்டி இரவு பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் போய்விடும். வெள்ளி, சனி இரவுகளில் மையத் தடங்கள் சில கூடுதல் நேரம் ஓடும்.

எந்தப் பகுதி யாருக்கு

மக்கள் சதுக்கமும் நான்ஜிங் கிழக்குச் சாலையும் முதல்முறை வருகிறவரின் இயல்பான தேர்வு. மக்கள் சதுக்கத்தில் 1, 2, 8ஆம் தடங்கள் சந்திக்கின்றன. ஷாங்காய் அருங்காட்சியகத்தின் பழைய கட்டடம் சதுக்கத்திலேயே இருக்கிறது. பண்ட் வரை நடந்தே போகலாம். 1934இல் திறந்து பல பத்தாண்டுகள் ஊரின் மிக உயரமான கட்டடமாக இருந்த பார்க் ஓட்டல் இங்கேதான். அதன் பேக்கரியில் பட்டாம்பூச்சி பிஸ்கட் வாங்க உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். 1922இல் தொடங்கிய குங்தெலின் சைவ உணவகமும் இந்தப் பக்கம், நான்ஜிங் மேற்குச் சாலையில் இருக்கிறது. சைவ உணவு மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

குறைகளும் இங்கேதான் அதிகம். நான்ஜிங் கிழக்குச் சாலையின் பெரும்பகுதி நடைபாதைத் தெரு, அதற்குள் டாக்ஸி வராது. தெருவின் நடுவில் உள்ள ஓட்டலுக்குப் பெட்டியோடு கூட்டத்தில் நடக்க வேண்டும். அக்டோபர் 1 போன்ற பெரிய விடுமுறை மாலைகளில், நெரிசலுக்கு அஞ்சி நான்ஜிங் கிழக்குச் சாலை நிலையத்தில் வண்டியை நிறுத்தாமலே அனுப்பிவிடுவார்கள். அன்று ஓட்டலுக்குத் திரும்ப மக்கள் சதுக்கத்தில் இறங்கி ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். தேநீர்ச் சடங்கு பார்க்கலாம் வாருங்கள் என்று நல்ல ஆங்கிலத்தில் அழைக்கும் அறிமுகமில்லாதவர்களும் இந்தத் தெருவில்தான் உலவுகிறார்கள். போனால் ஒரு கோப்பைக்கு நூற்றுக்கணக்கில் யுவான் கேட்பார்கள். அழைப்பை மறுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அதே வசதி, குறைந்த இரைச்சல் வேண்டும் என்றால் ஒரு நிறுத்தம் தெற்கே இறங்குங்கள். தாஷிஜியே நிலையத்தில் 8, 14ஆம் தடங்கள், லாவ்ஷிமெனில் 8, 10ஆம் தடங்கள். மக்கள் சதுக்கம், யூயுவான் தோட்டம், ஷின்தியாந்தி மூன்றும் நடை தூரத்திலோ ஒன்றிரண்டு நிறுத்தத்திலோ இருக்கும். விலையோ நான்ஜிங் சாலையைவிட இறங்கியிருக்கும். மூன்று நான்கு இரவு தங்கி ஊரை முழுதாகப் பார்க்க நினைப்பவருக்கு என் முதல் பரிந்துரை இந்தப் பகுதிதான். லாவ்ஷிமென் பக்கத்தில் பழைய குடியிருப்புகள் பெருமளவு காலி செய்யப்பட்டுக் கட்டுமான வேலை நடக்கிறது. அண்மைக்கால விமர்சனங்களில் சத்தம் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிவிட்டு முடிவெடுங்கள்.

பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதி ஊரின் மிக அழகான பகுதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஹெங்ஷான் சாலை, வுகாங் சாலை, ஃபூஷிங் சாலை எல்லாம் பிளேன் மரங்களின் கூரைக்குக் கீழே போகின்றன. காலையில் நடக்கவும், காப்பிக் கடையில் உட்காரவும் இதைவிட நல்ல இடம் இல்லை. ஷான்ஷி தெற்குச் சாலை நிலையம் 1, 10, 12ஆம் தடங்களைத் தருவதால் இங்கே தங்க ஏற்ற மையம், சாங்ஷூ சாலை நிலையமும் நன்று. பழைய மாளிகைகளிலும் சந்து வீடுகளிலும் நடத்தும் சிறு ஓட்டல்கள்தான் இங்கே கவர்ச்சி. அவற்றில் மூன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: லிஃப்ட் உண்டா, சுவர் சத்தம் தாங்குமா, குளிர்காலத்தில் அறை சூடாகுமா. ஷாங்காய், வட சீன நகரங்களைப்போல மைய வெப்பக் குழாய் அமைப்பு உள்ள ஊர் இல்லை, ஏசிதான் சூடேற்ற வேண்டும். ஜனவரியில் உயரமான கூரையும் ஒற்றைக் கண்ணாடிச் சன்னலும் உள்ள அறையில் ஏசியால் ஒன்றும் ஆகாது.

ஜிங்ஆன் கோயில் நிலையம் 2, 7, 14ஆம் தடங்களின் சந்திப்பு. புதிய, நல்ல தரமான ஓட்டல்கள், நிலையத்துக்கு மேலேயே வணிக வளாகம், இரவு உணவுக்குக் குறைவில்லை. குடும்பத்தோடு வந்து, கொஞ்சம் செலவு செய்யத் தயாராக இருப்பவருக்கு மிக வசதியான இடம். பெற்றோரை அழைத்து வருகிறீர்கள் என்றால் பண்டைவிட இதையே எடுங்கள்.

லுஜியாசுய் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு எடுப்பவர்கள் இங்கே அதிகம். 632 மீட்டர் ஷாங்காய் கோபுரமும், 492 மீட்டர் உலக நிதி மையமும், 421 மீட்டர் ஜின்மாவும் அருகருகே நிற்கின்றன. அவற்றின் மேல்தளங்களில் ஓட்டல்களும் உண்டு. ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரையான தொடர்மழைக் காலத்திலும், குளிர்கால மூடுபனி நாட்களிலும், எண்பதாவது மாடிச் சன்னலுக்கு வெளியே வெண்மை மட்டும்தான் இருக்கும். காட்சிக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் அந்த நாட்களில் வீண். கீழே இறங்கினால் சாலைகள் மிக அகலம், கட்டட வளாகங்கள் பெரிது, சின்னக் கடைகள் குறைவு, இரவு பத்துக்கு மேல் தெரு வெறிச்சோடிவிடும். ஆற்றைக் கடக்கச் சுரங்கச் சாலையில் டாக்ஸி நெரிசலில் நிற்கும். மெட்ரோவில் நான்ஜிங் கிழக்குச் சாலை ஒரே நிறுத்தம்தான் என்றாலும், கடைசி வண்டிக்குப் பிறகு அந்த வசதி இல்லை. அலுவலக வேலை அந்தப் பக்கம் இருந்தால் தங்குங்கள். ஊர் பார்க்க என்றால் காட்சியை ஒரு மாலை போய்ப் பார்த்துவிட்டுப் புஷியில் தூங்குவது மேல்.

ஆற்றுக் காட்சியோடுதான் அறை வேண்டும் என்பவர்கள் ஹோங்கோவ் மாவட்டத்தின் வடக்கு பண்டைப் பாருங்கள். 12ஆம் தடத்தின் பன்னாட்டுப் பயணக் கப்பல் முனைய நிலையம் அங்கே இருக்கிறது. அங்கிருந்து லுஜியாசுய் கோபுரங்கள் முழுதாகத் தெரியும். ஆற்றுக் காட்சி என்று பதிவில் போட்டிருந்தாலும், பக்கவாட்டில் கழுத்தை நீட்டிப் பார்க்கும் காட்சியும் அதே பெயரில் விற்கப்படும், விருந்தினர் எடுத்த படங்களில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கரையோர விளக்குகள் இரவு முழுக்க எரியாது. பத்து மணி சுமாருக்கு அணைந்துவிடும்.

வட்டத்தின் விளிம்பில் ஜோங்ஷான் பூங்காவும் ஷூஜியாஹுயும் மலிவும் வசதியும் கலந்தவை. முன்னதில் 2, 3, 4ஆம் தடங்கள், பின்னதில் 1, 9, 11ஆம் தடங்கள். டிஸ்னிக்கு ஒரு நாள் போய்வர நினைப்பவருக்கு ஷூஜியாஹுய் நல்லது. 11ஆம் தடத்தில் மாறாமல் நேரே டிஸ்னி நிலையத்தில் இறங்கலாம். குழந்தைகளோடு இரண்டு நாள் டிஸ்னி என்றால் மட்டும் பூங்கா அருகே அறை எடுத்து, மீதி நாட்களுக்கு நகருக்குள் மாறிக்கொள்ளுங்கள்.

கண்காட்சிக்கு வருகிறவர்களுக்கு இந்த விதிகள் எல்லாம் மாறும். தேசியக் கண்காட்சி மையம் மேற்கே ஹோங்சியாவ் முனையத்துக்கு அப்பால் 2ஆம் தடத்தில் இருக்கிறது. ஷாங்காய் புதிய பன்னாட்டுக் கண்காட்சி மையம் புதோங்கில் 7ஆம் தடத்தின் ஹுவாமு சாலை நிலையத்தில். இரண்டும் ஊரின் எதிரெதிர் முனைகள். அழைப்பிதழில் எந்த மையம் என்று பார்க்காமல் அறை எடுத்தால், தினமும் காலை நெரிசலில் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். 2018 முதல் ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் தொடக்கத்தில் நடக்கும் பன்னாட்டு இறக்குமதிக் கண்காட்சி நாட்களில் மேற்குப் பக்க ஓட்டல் விலை தாறுமாறாக ஏறும்.

பாஸ்போர்ட்டும் பதிவும்

சீனாவில் வெளிநாட்டவர் தங்கும் ஒவ்வோர் இரவும் காவல்துறையில் பதிவாக வேண்டும். 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குடிவரவுச் சட்டம் இதைச் சொல்கிறது. ஓட்டலில் தங்கினால் ஓட்டலே பதிவு செய்யும். அதற்காகத்தான் குழந்தை உட்பட ஒவ்வொருவரின் அசல் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள், நகல் செல்லாது. நண்பர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்வது உங்கள் பொறுப்பும் வீட்டுக்காரர் பொறுப்பும். ஷாங்காயில் இதை இணையத்திலும் செய்யலாம். செய்யாவிட்டால் எச்சரிக்கை, 2,000 யுவான் வரை அபராதம். ஏர்பிஎன்பி 2022 ஜூலை இறுதியில் சீனாவுக்குள் வீடுகளைப் பட்டியலிடுவதையே நிறுத்திவிட்டது. உள்ளூர்த் தளங்களில் கிடைக்கும் வாடகை வீடுகளில் பல உரிமையாளர்களுக்கு வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் முறை தெரியாது. குறுகிய பயணத்துக்கு ஓட்டலோடு நின்றுவிடுவது நல்லது.

வெளிநாட்டவரை ஏற்க மாட்டோம் என்று சிறிய ஓட்டல்கள் திருப்பி அனுப்புவது நீண்டகாலப் பிரச்சினை. தகுதி இல்லை என்ற காரணத்தைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 2024இல் மத்திய அரசுத் துறைகள் அறிவித்தன. அதன் பிறகும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை, காரணம் இரவுப் பணியில் இருக்கும் ஊழியருக்குப் பாஸ்போர்ட் விவரங்களைக் கணினியில் ஏற்றத் தெரியாமல் இருப்பது. தடுக்கும் வழி: சீன நிறுவனமான சிட்ரிப்பின் வெளிநாட்டு முகமான ட்ரிப்.காமில் பதிவு செய்யுங்கள், ஓட்டலின் விதிகள் பகுதியில் எந்த நாட்டவரை ஏற்பார்கள் என்ற குறிப்பைப் படியுங்கள், பதிவு செய்த கையோடு செயலி வழியாக ஓட்டலுக்கே செய்தி அனுப்பி எழுத்தில் உறுதி வாங்குங்கள். அதையும் மீறி மறுத்தால், தளத்தின் உதவி எண்ணை அழைத்து ரிசப்ஷன் ஊழியரோடு சீனத்தில் பேசச் சொல்லுங்கள். மாற்று ஓட்டல் கிடைக்கும் வரை பதிவை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். ரத்து செய்தால் பண இழப்பு உங்கள் தலையில் விழும். நகராட்சியின் 12345 உதவி எண்ணிலும் ஆங்கிலத்தில் பேசலாம்.

அறை விவரத்தில் பார்க்க வேண்டியவை

சீன ஓட்டல் பட்டியலில் மிக முக்கியமான வரி சன்னல் பற்றியது. சன்னல் இல்லாத அறைகள் மையப் பகுதியில் ஏராளம், சட்டப்படியே விற்கப்படுகின்றன. விவரத்தில் சன்னல் இல்லை என்றோ, உள்பக்கச் சன்னல் என்றோ போட்டிருக்கும். உள்பக்கச் சன்னல் என்றால் நடைபாதையையோ அடைப்பு முற்றத்தையோ பார்த்து இருக்கும். விலை சந்தேகப்படும்படி குறைந்திருந்தால் முதலில் இந்த வரியைப் பாருங்கள். ஜூன் மழைக்காலத்தில் இத்தகைய அறைகளில் ஈரவாடை போகவே போகாது. வெளிச் சன்னல் இருந்தும் அது யான்ஆன் மேம்பாலச் சாலையைப் பார்த்திருந்தால் விடிய விடிய வண்டிச் சத்தம். தெருவைப் பார்க்காத பின்பக்க அறை, மேல்மாடி என்று குறிப்பு எழுதுங்கள்.

படுக்கை வகை இரண்டு: ஒரே பெரிய கட்டில் அல்லது இரட்டைக் கட்டில். இரண்டு பேர் என்று மட்டும் போட்டால் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மெத்தை கெட்டியாக இருக்கும். காலை உணவு எத்தனை பேருக்கு என்று தனியாகப் போட்டிருப்பார்கள், இரண்டு பேர் தங்கும் அறைக்கு ஒருவர் உணவு மட்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. குளியலறைச் சுவர் கண்ணாடியாக இருப்பதும் நடுத்தர ஓட்டல்களில் சாதாரணம், பெரியவர்களோடு ஒரே அறையில் தங்கினால் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புகையில்லா அறை என்று எடுத்தாலும் வாடை இருந்தால் பெட்டியைத் திறக்கும் முன்பே மாற்றிக் கேளுங்கள்.

2019 ஜூலை 1 முதல் ஷாங்காய் ஓட்டல்கள் பல்துலக்கி, சீப்பு, சவரக்கத்தி உட்பட ஆறு ஒருமுறைப் பொருட்களைத் தாமாக அறையில் வைப்பதில்லை. ரிசப்ஷனில் கேட்டால் தருவார்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, கெட்டிலும் பாட்டில் தண்ணீரும் அறையில் இருக்கும்.

உள்ளூர்ச் சங்கிலிகளில் ஹான்திங், ரூஜியா, ஜின்ஜியாங் ஆகியவை சிக்கன வகை. ஜி, ஆட்டூர் போன்றவை ஒரு படி மேல். இந்த இரண்டாம் வகைதான் பணத்துக்கு மிக நல்ல மதிப்பு. பல கிளைகளில் விருந்தினர் இலவசமாகப் பயன்படுத்தும் துணி துவைக்கும் இயந்திரமும் உலர்த்தியும் இருக்கும். மையப் பகுதியில் சாதாரண நாட்களில் சிக்கன வகை 250 முதல் 400 யுவான், அடுத்த படி 400 முதல் 700 யுவான் என்று வைத்துக்கொண்டு தேடலாம். நட்சத்திரத்தைவிடக் கட்டடத்தின் வயதைப் பாருங்கள். திறந்த ஆண்டும் கடைசியாகப் புதுப்பித்த ஆண்டும் பட்டியலிலேயே இருக்கும். பத்தாண்டாகப் புதுப்பிக்காத நான்கு நட்சத்திரத்தைவிட, போன ஆண்டு திறந்த சங்கிலி ஓட்டல் மேலானது.

அக்டோபர் முதல் வாரம், மே தின விடுமுறை, சந்திரப் புத்தாண்டையொட்டிய நாட்கள் ஆகியவற்றில் விலை இரண்டு மூன்று மடங்காகும், ரத்து செய்யும் வசதியும் பல ஓட்டல்களில் நின்றுவிடும். தேதியை நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள்.

பணம் கட்டுவதற்கு அலிபே, வீசாட் என்ற இரண்டு கைப்பேசிச் செயலிகளிலும் வெளிநாட்டு அட்டையைக் கிளம்பும் முன்பே இணைத்துவிடுங்கள். 200 யுவானுக்கு மேற்பட்ட பரிமாற்றத்துக்கு 3 சதவீதக் கட்டணம் பிடிக்கப்படும் என்பதால், அறை வாடகையைத் தளத்திலேயே அட்டையில் கட்டுவது லாபம். ஓட்டலில் டெபாசிட்டாகச் சில நூறு யுவான் கேட்கலாம். அட்டையில் பிடித்தால் திரும்ப வரப் பல நாள் ஆகும், அலிபேயிலோ ரொக்கத்திலோ கொடுத்தால் வெளியேறும்போதே வாங்கிவிடலாம்.

இறங்கும் இரவும் கிளம்பும் காலையும்

புதோங் விமான நிலையத்திலிருந்து மக்கள் சதுக்கத்துக்கு 2ஆம் தடத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். காந்தமிதவை ரயில் லோங்யாங் சாலை வரையான 30 கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் கடக்கும். கட்டணம் 50 யுவான், அன்றைய விமானச் சீட்டைக் காட்டினால் 40. ஆனால் அங்கிருந்து மறுபடி மெட்ரோ மாற வேண்டும், பெட்டிகளோடு இருப்பவருக்கு மிச்சமாகும் நேரம் கொஞ்சம்தான். 2024 டிசம்பரில் திறந்த விமான நிலைய இணைப்புத் தடம் இரண்டு விமான நிலையங்களையும் சுமார் 40 நிமிடத்தில் இணைக்கிறது, 26 யுவான். அது ஊருக்குத் தெற்கே சுற்றிப் போவதால் மையத்தில் தங்குபவருக்கு உதவாது. புதோங்கில் இறங்கி ஹோங்சியாவில் ரயிலோ விமானமோ பிடிப்பவருக்குத்தான் பெரிய வசதி.

நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானம் என்றால் முன்பதிவுத் தேதியில் கவனம். 10ஆம் தேதி அதிகாலை ஒரு மணிக்கு அறைக்குள் போக வேண்டுமானால் 9ஆம் தேதி இரவுக்குத்தான் பதிவு செய்ய வேண்டும். தாமதமாக வருவதை ஓட்டலுக்குச் செய்தியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வரவில்லை என்று அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அந்த நேரத்தில் மெட்ரோ இல்லை. இரவு 11 முதல் காலை 5 வரை டாக்ஸியில் இரவுக் கட்டணம், மையத்துக்கு 200 யுவானுக்கு மேல் ஆகும். வருகைக் கூடத்துக்குள் வந்து அழைப்பவர்களோடு போகாமல், டாக்ஸி வரிசையிலோ டிடி என்ற டாக்ஸி அழைப்புச் செயலியிலோ ஏறுங்கள்.

கிளம்பும் நாளில் 2ஆம் தடத்தில் புதோங் நோக்கிப் போகும் வண்டிகளில் சில குவாங்லான் சாலையோடு திரும்பிவிடும். வண்டியின் முகப்பிலும் நடைமேடைத் திரையிலும் புதோங் விமான நிலையம் என்று இருப்பதைப் பார்த்து ஏறுங்கள். காலை எட்டு மணிக்கு முன் விமானம் என்றால் முதல் மெட்ரோவை நம்ப முடியாது. கடைசி இரவை மட்டும் விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டலுக்கு மாற்றி, இலவச வண்டி எத்தனை மணிக்கு, எந்த முனையத்துக்குப் போகும் என்று முந்தின இரவே ரிசப்ஷனில் எழுதி வாங்கிவிடுங்கள்.